நடுப்பகல் முழுக்கு

என் மகள் மாட்டுக்காரத் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்களோடு சேர்ந்து வயலின் வாசிக்கிறாள் என்பதைச் சொந்தக்காரர்களிடம் சொல்ல எனக்குக் கனகாலம் எடுத்தது. சொன்ன பிறகும் நிம்மதியில்லை. "கன்ரி மியூசிக் எண்டால் எந்தக் கன்ரி?" என்று மச்சாள் ஒருத்தி கேட்டாள். அரங்கேற்றத்தில் பட்டுச்சேலை கட்டிச் சம்மணமிட்டு இருந்து வாசித்த பிள்ளை, இப்போது ஜீன்சும் சப்பாத்துமாக நின்றுகொண்டு வாசிக்கிறாளே என்று இன்னொருத்திக்குக் கவலை. நான் ஒருவருக்கும் வாய் காட்டவில்லை. அடக்கமென்று நினைக்க வேண்டாம், நேரம் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் கொரோனாவுக்குள் வந்தது. கன்ரி இசைக்கான பெரிய விருது விழா ஒன்றில் ஒரு பாட்டு வாசிக்க மகளின் குழுவை அழைத்தார்கள். நகர நடுவிலுள்ள மண்டபத்தில் விழா நடக்கும், தொலைக்காட்சியில் நேரடியாகப் போகும், ஆனால் மண்டபத்தில் பார்வையாளர் ஒருவரும் இருக்கமாட்டார்கள். மகளுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. சமையலறையில் நின்று துள்ளினாள். இருபத்தாறு வயதுப் பிள்ளை துள்ளினால் எப்படியிருக்குமென்று அன்றுதான் பார்த்தேன்.

விழாக்காரர்கள் கடுமையான நிபந்தனைகள் வைத்தார்கள். வாசிக்கிறவர் மட்டுமல்ல, அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்களும் இரண்டு வாரம் வெளியே போகக்கூடாது, ஒருவரையும் சந்திக்கக்கூடாது. ஒவ்வொரு காலையும் மகளின் தொலைபேசியில் ஒரு செயலி அதைப் பற்றிக் கேட்கும், அவள் பதில் சொல்லவேண்டும். குழுவில் பாடுகிற பெண் ஏழு மாதக் கர்ப்பிணி. அவளைத்தான் மகள் எங்களுக்குத் திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்தினாள். "அம்மா, எனக்கு வந்தா நான் தாங்குவன். அவவுக்கு வரக்கூடாது."

எனக்குப் பிரச்சினையில்லை. வங்கிக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளை அப்போது சாப்பாட்டு மேசையிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தேன். என் மனுசன் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் சுப்பவைசர். சம்பளமில்லாத லீவு கேட்டு வாங்கினார். "பிள்ளை ரீவியில வரப்போறாள், பிறகென்ன வேலை" என்றார். இதை ஏன் சொல்கிறேனென்றால், பிறகு நடந்ததைக் கேட்டு அவருக்கு மகளின் விழாவில் அக்கறையில்லை என்று யாரும் நினைக்கக்கூடாது. எங்கள் மூவரிலும் அந்த நாளைக் கூடுதலாக எதிர்பார்த்திருந்தவர் அவர்தான்.

விழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது இவருடைய கூட்டாளி மாரடைப்பில் இறந்துபோனார். இவரும் அவரும் கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒரே மெத்தைதான், இரவு வேலை செய்தவர் பகலில் படுப்பார், மற்றவர் இரவில் படுப்பார். கலியாணம் முடித்த பிறகும் அந்த ஒட்டுப் போகவில்லை. சனிக்கிழமைகளில் இவருக்கு வேலையிருந்தபடியால் மகளை வயலின் வகுப்புக்கு ஏற்றி இறக்கியவர் அந்த மனிதர்தான். வகுப்பு முடியும்வரை காருக்குள் குறட்டை விடுவாராம். மகள் முதன்முதலாக ஒரு குடிக்கடையில் கன்ரி வாசித்தபோது, கோட்டும் ரையும் கட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் இருந்து, தட்டக்கூடாத இடமெல்லாம் கைதட்டியவரும் அவர்தான். மகள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

செய்தியை மகளுக்குச் சொல்வதில்லை என்று நாங்கள் இருவரும் முடிவெடுத்தோம். எங்கள் ஆட்களுக்கு இது பழக்கம். பிள்ளைக்குச் சோதினை நடந்தால் பெற்ற தகப்பன் செத்தாலும் கடைசிப் பேப்பர் முடியும்வரை வாய் திறக்கமாட்டோம். விழா முடியட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்தோம்.

"நீங்கள் போகேலாது, தெரியும்தானே?" என்று இவரைக் கேட்டேன்.

"தெரியும். உள்ளுக்க பத்துப் பேரைத்தான் விடுவினமாம். நான் போய் என்ன செய்யிறது?"

அவ்வளவு சுலபமாக அவர் ஒத்துக்கொண்டபோதே நான் சந்தேகப்பட்டிருக்கவேண்டும். 'நல்லதுக்குப் போகாட்டிலும் கெட்டதுக்குப் போகோணும்' என்று எத்தனையோ பனிக்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு முகமறியாதவர்களின் செத்தவீட்டுக்கெல்லாம் போன மனிதர் அவர்.

செத்தவீடு நடந்த காலை இவர் கார்த் திறப்பை எடுத்தார். "கார் கனநாளா நிக்குது. பற்றறி இறங்கிப்போகும். காருக்குள்ளயே இருந்து ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாறன்." நல்லதென்று நினைத்தேன். துக்கத்தை எங்காவது ஒரு தெருவில் தனியாக அழுது தீர்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மகள் மேல்மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பழகினாள். நான் வேலையிலிருந்து ஒரு மணித்தியாலம் எடுத்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு, கணினியில் செத்தவீட்டைப் பார்த்தேன். கமராவை மண்டபத்தின் பின்சுவரில் மேலே பூட்டியிருந்தார்கள். பெட்டி தெரிந்தது, தள்ளித் தள்ளிப் போட்ட கதிரைகள் தெரிந்தன. ஆட்கள் எல்லோரும் முகமூடியும் கறுப்பு ஜக்கெற்றுமாக இருந்தார்கள். அவருடைய மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் மட்டும்தான் எனக்கு அடையாளம் மட்டுக்கட்ட முடிந்தது. பெட்டியைத் தூக்க நான்கு ஆண்கள் எழும்பினார்கள். அந்த நேரம் பார்த்துப் படம் உறைந்துபோனது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன்.

மத்தியானம் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆனால் முன்கதவு திறக்கவில்லை. வீட்டின் பக்கவாட்டுக் கதவால் இறங்கி நிலத்தடிப் பேஸ்மென்ருக்குள் போகும் காலடி கேட்டது. கொஞ்சத்தில் அங்கே தண்ணீர் ஓடத் தொடங்கியது. அதோடு உடுப்பு மெசினும் சுழலத் தொடங்கியது.

தொலைபேசியில் யாரோ ஒரு மனுசி தன் கணக்கைப் பற்றி என்னிடம் முறைப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. எங்கள் ஆட்கள் நடுப்பகலில் வீட்டுக்குள் வராமல் நேரே போய்த் தலை முழுகி, போட்ட உடுப்பைக் கையோடு தோய்த்தால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான். பெண்சாதியிடம் பொய் சொல்லத் துணிந்த மனிதருக்கு, செத்தவீட்டால் வந்து முழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்கத் துணிவு வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தவர், முழுக்கை மறக்கவில்லை.

அழைப்பை வெட்டிவிட்டுப் போய் பேஸ்மென்ருக்கு இறங்கும் படிக்கட்டின் கதவைத் திறக்காமல் நின்றேன். தண்ணீர் நின்றதும் கேட்டேன்.

"உள்ளுக்க போனனீங்களோ?"

கீழே நின்று சொன்னார். "அவன்ர மனுசி காலமை ரெலிபோன் எடுத்தவ. தமையன் பாரிசில, வரேலாது. தூக்கிறதுக்கு மூண்டு பேர்தான் இருந்தவை. நாலாவது ஆள் இல்லை. நான் என்ன சொல்ல?"

"ஏலாது எண்டு சொல்லியிருக்கலாம்."

"அவனுக்கோ?"

எனக்கு ஆத்திரம் வந்தது. "அப்ப பெத்த பிள்ளைக்கு?" என்று கேட்டேன்.

"முகமூடி போட்டிருந்தனான். ஒருத்தரோடயும் கதைக்கேல்லை. நான் கீழயே இருக்கிறன், மேல வரேல்லை. நீர் அவளுக்குச் சொல்லாதையும். ஒண்டும் வராது."

சொல்லாமல் விட்டால் என்ன என்று நானும் யோசித்தேன். அவளுக்கும் அவருக்கும் இடையில் ஒரு கதவும் ஒரு படிக்கட்டும் இருக்கிறதுதானே. அப்படி எனக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டு திரும்பினால், மகள் எனக்குப் பின்னால் நிற்கிறாள். ஒரு கையில் வில் அப்படியே இருந்தது.

"அம்மா, ஆர் செத்தது?"

தமிழ் எழுதத் தெரியாத பிள்ளை. கோயிலுக்குக் கூப்பிட்டால் சாட்டுச் சொல்லுகிற பிள்ளை. ஆனால் சின்னவயதில் ஒவ்வொரு செத்தவீட்டுக்குப் பிறகும் கராஜுக்குள் நிறுத்திவைத்துத் தலையில் தண்ணீர் வார்த்தோமே, அது மட்டும் அவளுக்கு நன்றாக ஏறியிருந்தது. மேல்மாடியில் வாசிப்பதை நிறுத்திவிட்டு அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைத்தான் அவளும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

சொன்னேன். அவள் அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டாள். முதலில் மாமாவுக்காக அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே மிச்சமும் விளங்கியது. தலையை நிமிர்த்திக் கதவைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா, யூ வெண்ட்?"

"பிள்ளை, நான் ஒருத்தரையும் தொடேல்லை."

"பெட்டியைத் தொட்டனீங்கள்தானே? மற்ற மூண்டு பேரும் பக்கத்திலதானே நிண்டவை?"

மகள் எழும்பிப் போய்த் தொலைபேசியை எடுத்தாள். சொல்லவேண்டாம், இரண்டு நாள் பார்ப்போம் என்பது என் வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினேன். பாடுகிற பெண்ணுக்கு நேரே எடுத்து, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். அந்தப் பெண் நன்றி சொன்னாள், பிறகு அவளும் அழுதாள். விழாக்காரர்களோடு பேசிப் பார்க்கிறேன் என்றாள். பின்னேரம் திருப்பி எடுத்தபோது விழாக்காரர்கள் இறங்கிவரவில்லை என்று தெரிந்தது. இப்படி ஏதாவது நடக்குமென்று இன்னொரு வயலின்காரனை அவர்கள் ஆயத்தமாகவே வைத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் ஒருவரும் ஒருவரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்று நேரமும் சாப்பாட்டுக் கோப்பையைப் படிக்கட்டில் வைத்துக் கதவை அடித்துச் சாத்தினேன். சத்தம் அவருக்குக் கேட்கவேண்டும் என்றுதான் அப்படிச் சாத்தினேன். மகள் அந்தக் கதவுப் பக்கமே போகவில்லை. அவளுடைய இடத்துக்கு வந்தவனுக்கு அவள்தான் கணினியில் பாட்டைச் சொல்லிக்கொடுத்தாள். பாட்டின் நடுவில் ஒரு இழுப்பு வரும். எங்கள் சங்கீதத்தில் கமகம் என்று படித்ததை அவள் அந்தக் கன்ரிப் பாட்டுக்குள் கொண்டுபோய் வைத்திருந்தாள். அந்தப் பெடியனுக்கு அது பிடிபடவில்லை. திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டினாள். சமையலறையில் நின்று கேட்ட எனக்கு நெஞ்சு வெந்தது.

பிறகு இவர் இருமத் தொடங்கினார். முதலில் ஒன்றிரண்டாகத்தான் வந்தது, அடுத்தநாள் காய்ச்சலும் சேர்ந்தது. தூக்கியவர்களில் இன்னொருவருக்கும் வந்திருப்பதாகத் தகவல் கிடைத்தது. இவருடைய சோதனை முடிவும் கொரோனாதான் என்றது. மகளுக்கும் எனக்கும் இல்லை. ஆனால் ஒவ்வொரு இருமலுக்கும் நாங்கள் இருவரும் செய்கிற வேலையை விட்டுவிட்டுக் காது கொடுத்தோம். அடுத்த இருமல் வரும்வரை மூச்சுவிடப் பயமாக இருந்தது. சாப்பாட்டுக் கோப்பை பாதியோடு திரும்பி வரத் தொடங்கியபோது கதவை மெல்லச் சாத்தப் பழகினேன்.

விழா நாள் வந்தது. நான் தொலைக்காட்சியைப் போட்டேன். மகள் தன் அறையை விட்டு வரவில்லை. விருது கொடுக்கிறவர் அதை ஒரு மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் போவார், வாங்குகிறவர் வந்து எடுப்பார். கதிரைகளில் ஒருவருமில்லை, கைதட்டலை மட்டும் எங்கிருந்தோ போட்டார்கள். அந்த வெறுங்கதிரைகளைப் பார்க்க எனக்குச் செத்தவீடுதான் ஞாபகம் வந்தது.

மகளின் குழுவுக்கு முன்னால் இன்னும் ஒரு விருதுதான் இருந்தபோது அவள் இறங்கி வந்தாள். என்னைத் தாண்டிப்போய், பேஸ்மென்ர்க் கதவோடு முதுகைச் சாய்த்து நிலத்தில் இருந்தாள். கையில் தொலைபேசியில் விழா ஓடிக்கொண்டிருந்தது. நான் தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்தினேன். கதவுக்கு அந்தப் பக்கம், மேற்படியில், அவருடைய இருமல் கேட்டது. நான் வைத்த சாப்பாட்டுக்குப் பக்கத்தில் அவரும் தன் தொலைபேசியோடு இருந்திருக்கிறார்.

பாட்டுத் தொடங்கியது. பாடுகிற பெண் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு பாடினாள். பெடியன் வாசித்தான். இழுப்பு வருகிற இடம் வந்ததும் மகளின் விரல்கள் முழங்காலில் அசைந்ததைப் பார்த்தேன். அவன் அதைப் பிழையில்லாமல் வாசித்தான்.

"உவன் உன்னைப்போல இல்லை" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார். குரல் கம்மியிருந்தது.

"இல்லை அப்பா. நல்லா வாசிச்சிட்டான்."

அத்தனை நாளுக்குப் பிறகு அவள் அவரோடு பேசிய முதல் சொல் அது. பாட்டு முடிந்தது, இல்லாதவர்களின் கைதட்டல் கேட்டது. அவர் கதவுக்கு அந்தப் பக்கம் அழுகிறார் என்று எனக்கு விளங்கியது. இருமலையும் அழுகையையும் பிரித்தறிய எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கவேண்டும். தொலைபேசியை அணைத்தாள். பிறகு தலையைக் கதவில் சாய்த்துக் கேட்டாள்.

"அப்பா, மாமா பாரமா இருந்தவரா?"

"ஓம் பிள்ளை," என்றார். "மூண்டு பேர் எண்டால் தூக்கியிருக்க ஏலாது."