லிஸ்டில் இல்லாத வார்த்தை

பெட்ரோல் டாங்கர் லாரியின் பின்னால் 'இன்ஃப்ளேமபிள்' என்று சிவப்பாக எழுதியிருப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரியும். எளிதில் தீப்பிடிக்கக்கூடியது என்று அதற்கு அர்த்தம். ரிங் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்படி ஒரு லாரி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பாவம், லாரி என்ன செய்யும்!

எழுபதுகளின் கடைசியில் தில்லியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்தேன். எந்தப் பள்ளிக்கூடம் என்பது இங்கே வேண்டாம். பிள்ளைகளில் பெரும்பாலோர் சர்க்கார் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். வீட்டில் அவரவர் ஊர்த் தமிழ், தெருவில் இந்தி, பரீட்சையில் இங்கிலீஷ். எனக்கு மேலே மூத்த வாத்தியார் ஒருவர் இருந்தார். எல்லா வியாதிக்கும் அவரிடம் ஒரே மருந்துதான். சைக்ளோஸ்டைல் செய்த லிஸ்ட். இடது பக்கம் வார்த்தை, வலது பக்கம் அர்த்தம், வாரத்துக்கு ஒரு தாள். அதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்க வேண்டும். வரிசையை மாற்றிக் கேட்டால் பாதி வகுப்பு திருதிருவென்று விழிக்கும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

நான் லிஸ்டை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். வார்த்தையை ரயிலாகப் பாருங்கள் என்றேன். வருஷா வருஷம் கோடை லீவுக்கு ரயிலேறுகிற பிள்ளைகளுக்கு ரயிலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்னால் இன்ஜின், அது பிரிஃபிக்ஸ். நடுவில் பெட்டி, அது ரூட். சரக்கு அதற்குள்தான் இருக்கிறது. கடைசியில் கார்டு வண்டி, அது சஃபிக்ஸ். ஸ்டேஷனில் போர்ட்டர் என்ன செய்கிறார் என்று கேட்டேன். "சாமான் தூக்குவார் டீச்சர்!" என்று கத்தினார்கள். அப்படியானால் 'போர்ட்' என்றால் தூக்கிப்போவது. எக்ஸ்போர்ட் என்றால்? வெளியே தூக்கிப்போவது. இம்போர்ட்? உள்ளே. 'ட்ரான்ஸ்' என்பதற்கு நான் வாயே திறக்கவில்லை. அப்பாவுக்கு ட்ரான்ஸ்ஃபர் வருமோ என்று பயந்துகொண்டே வளர்ந்த பிள்ளைகள் ஆயிற்றே.

ஸ்டாஃப் ரூமில் இது சிரிப்பாகப் போயிற்று.

"என்ன மேடம், வார்த்தையக் காய்கறி மாதிரி நறுக்கறீங்களாமே. சாம்பாரா, கூட்டா?" என்றார் மூத்தவர்.

"நறுக்கினாத்தான் சார் வேகும். முழுசா முழுங்கினா செரிக்காது" என்றேன். அன்றிலிருந்து அவருக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கும்தான்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். அப்பா ஏதோ ஆபீஸ் கேன்டீனில் சமையல். ஏழாவது வரை இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு எங்களிடம் வந்தவள். லிஸ்டை ஒப்பிக்கச் சொன்னால் மூன்றாவது வார்த்தையில் நின்றுவிடுவாள். மக்கு என்று ஸ்டாஃப் ரூமிலேயே அவளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஒருநாள் அவள் தானாக எழுந்து நின்றாள்.

"டீச்சர், டெலிஃபோன்ல 'டெலி'ன்னா தூரம்னீங்க. அப்போ டெலிவிஷன், மத்லப், அதாவது, தூரத்துல நடக்கறதப் பாக்கறதா? அப்போ விஷன்னா பாக்கறதுதானே?"

"அதேதான்!" என்று கத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. பஸ் போர்டு, மருந்து பாட்டில், சோப்பு டப்பா எதையும் விடமாட்டாள். புது வார்த்தை கிடைத்தால் டெஸ்க்கில் நகத்தால் கோடு போடுவாள். இங்கே ஒரு வெட்டு, அங்கே ஒரு வெட்டு. பிறகு நிமிர்ந்து அர்த்தம் சொல்வாள். தப்பாகவும் சொல்வாள். தப்பானால் சிரித்துக்கொண்டே வேறு இடத்தில் வெட்டிப் பார்ப்பாள்.

வருஷப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் போட்டவரும் திருத்தியவரும் மூத்தவர்தான். விதிப்படி பாடத்தில் இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்து, அதிலிருந்து ஐந்து வார்த்தைகளுக்கு அர்த்தம் கேட்டிருந்தார். லிஸ்டில் இல்லாத வார்த்தைகள் என்பதால் வகுப்பே அந்தக் கேள்வியை விட்டுவிட்டது. இவள் மட்டும் ஐந்தையும் எழுதியிருந்தாள். 'இன்விசிபிள்' உட்பட நான்கு சரி. ஐந்தாவது 'இன்ஃப்ளேமபிள்'. இன்விசிபிளில் 'இன்' என்றால் 'இல்லை'. ஆகவே இது தீப்பிடிக்காதது என்று எழுதிவிட்டாள். இன்ஃப்ளேமபிளில் அந்த 'இன்' 'இல்லை' என்று சொல்லாமல் குணம் மாறி நிற்கிறது. அது இங்கிலீஷின் கோளாறு, அவளுடையது இல்லை.

மறுநாள் தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டார்கள். போனால் அந்தப் பெண் மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். காப்பி அடித்தாளாம். இங்கிலீஷில் பூஜ்யம் போட்டு ஒன்பதாவதிலேயே இருத்தப்போகிறார்களாம்.

"லிஸ்ட்ல இல்லாத வார்த்தை. நான் எழுதிக் குடுக்கவேயில்ல. இவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மூத்தவர்.

எனக்கு வந்ததே கோபம்! தான் எழுதிக் கொடுக்காததை ஒரு குழந்தை தெரிந்துகொண்டால் அது திருட்டாம்!

"யாரப் பாத்து அடிச்சா சார்? மத்த பேப்பர்லெல்லாம் அந்தக் கேள்வியே வெறுமையா இருக்கே! இந்த அஞ்சாவதப் பாருங்க. க்ளாஸ்ல ஒருத்தரும் எழுதாத தப்பு. இதையும் காப்பியா அடிச்சா? யோசிக்கறவளுக்குத்தான் சார் இந்தத் தப்பு வரும்!"

என் குரல் வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். தலைமையாசிரியைக்குச் சண்டை பிடிக்காது. "அச்சா, அச்சா, கத்தாதீங்க. இங்கயே திரும்ப எழுதட்டும். பாத்துடலாம்" என்றார்.

குற்றமே செய்யாதவளுக்கு இரண்டாவது பரீட்சை. மூத்தவர் புதிதாக ஐந்து வார்த்தைகள் பொறுக்கிக் கொடுத்துவிட்டு அவள் தலைக்கு மேலேயே நின்றார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மேஜையில் நகத்தால் கோடு போட்டுப் போட்டு எழுதினாள். ஐந்தும் சரி. அவர் தாளைப் பார்த்தார். ம் என்றார். டீ குடிக்கக் கிளம்பினார். தலைமையாசிரியை "பாஸ் போட்டுடலாம், போம்மா" என்றார். அவ்வளவுதான்.

நான் அவரை வாசலிலேயே மறித்தேன். "ஒரு வார்த்த ஸாரி சொல்லிட்டுப் போங்க சார்."

"யார்கிட்ட? இந்தக் குழந்தைகிட்டயா?" என்று சிரித்தார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். அவர் பிடுங்கிக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் போவதில்லை. ஆனாலும் பெண் பத்தாவதுக்குப் போகிறாள், ஜெயித்துவிட்டோம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

லீவு முடிந்து ஜூலையில் பள்ளிக்கூடம் திறந்தது. பத்தாவதுக்கும் நான்தான் இங்கிலீஷ். அவள் இரண்டாவது பெஞ்சுக்கு வந்திருந்தாள். எங்கிருந்தோ மூத்தவரின் லிஸ்டை வாங்கி, அட்டை போட்டு, முன்னால் வைத்திருந்தாள். கேட்டால் தங்குதடையில்லாமல் ஒப்பித்தாள். மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

அவளுக்காகவே போர்டில் 'சூப்பர்விஷன்' என்று எழுதினேன். 'சூப்பர்' என்றால் மேலே என்று அதற்கு முன்தினம்தான் சொல்லியிருந்தேன். 'விஷன்' அவளே கண்டுபிடித்தது. அவளை எழுப்பி, "சொல்லு" என்றேன்.

வார்த்தையைப் பார்த்தாள். நகம் டெஸ்க்கில் சரியான இடத்தில் ஒரு கோடு போட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பிறகு கையை மூடிக்கொண்டாள்.

"அது லிஸ்ட்ல இல்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.