ஆர்டிஸும் முனை உடைந்த ஊசியும்

ஆர்டிஸ் டாலெஃப்ஸ்ருட் எங்கள் பம்புப் பட்டறையில் இருபத்தாறு வருடம் லேத் ஓட்டினாள். அடுத்த மெஷினில் நின்றவன் நான். நார்த் டக்கோட்டாவின் இந்தப் பக்கத்தில் பழுதான பம்பு எதுவும் அவள் கைபடாமல் ஓடியதில்லை. பேச்சு குறைவு. காப்பி மட்டும் நாளைக்கு எட்டுக் கோப்பை.

அவள் அப்பா செல்மர் இறந்தபோது பண்ணையும் டிராக்டரும் தம்பி பால்மருக்குப் போயின. ஆர்டிஸுக்கு வந்தது சமையலறைச் சுவரில் தொங்கிய ஒற்றைக் குண்டுத் துப்பாக்கி. நூறு வருடத்துக்கும் மேல் பழையது. அதன் தோட்டா விளிம்பில் அடிபட்டால்தான் பற்றும். ஒருமுறை சுட்டால் விளிம்பு நசுங்கிவிடும், மறுபடி நிரப்ப வழியில்லை. கடைகளில் அதை விற்பதை நிறுத்தி எவ்வளவோ காலமாகிவிட்டது.

"விளக்குத் தண்டா மாத்திக்கோ" என்றான் பால்மர்.

"நான் சுடப் போறேன்டா."

"எதை வச்சு? பட்டாணிய வச்சா?"

பதின்மூன்று வயதில் அவள் அந்தத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் நின்றதைப் பார்த்த அப்பா, "இனிமே நீ இதத் தொட்டா கைய உடைப்பேன்" என்று கத்தியிருக்கிறார். அதன்பிறகு மான் வேட்டைக்குப் போனதெல்லாம் பால்மர்தான். தான் செய்த தப்பு என்னவென்றே தெரியவில்லை என்று ஒருநாள் சாப்பாட்டு வேளையில் என்னிடம் சொன்னாள்.

இரண்டு குளிர்காலம் உழைத்தாள். பித்தளைக் கம்பியைக் கடைந்து தோட்டாக் கூடு செய்தாள். அதன் அடியில், ஓரமாக, அடிபட்டதும் பற்றும் ஒரு பொடி வெடி பொருந்தும் அளவுக்குத் துளை. துளை மயிரிழை தள்ளிப் போனாலும் கூட்டைக் குப்பையில் வீசிவிடுவாள். வெடிமருந்து நிரப்பும்போது என்னைக் கராஜிலிருந்து விரட்டிவிடுவாள். "கை போனா என் கை மட்டும் போகட்டும்."

பனி உருகிய ஏப்ரலில் பால்மரின் சரளைக் குழிக்குப் போனோம். துப்பாக்கியைப் பழைய டயரில் கட்டி, விசையில் கயிறு மாட்டித் தூரத்திலிருந்து இழுத்தாள். டிக். காத்திருந்து வேறு தோட்டா மாற்றினாள். டிக். மூன்றாவதும் டிக்.

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பால்மர் தொடையைத் தட்டிச் சிரித்தான். "துப்பாக்கிக்கு விக்கல் எடுக்குது, தண்ணி குடு!"

ஆர்டிஸ் தோட்டாவை எடுத்துப் பார்த்தாள். அதில் அடிபட்ட தடமே இல்லை. வண்டியின் பின்பலகையில் வைத்தே துப்பாக்கியைக் கழற்றினாள். தோட்டாவை அடிக்கும் ஊசியின் முனை சிதைந்து போயிருந்தது.

"தோட்டா இல்லாம சும்மா சும்மா விசைய இழுத்திருக்காங்க" என்று என்னிடம் காட்டினாள். "ஊசி இரும்புலயே போய் மோதும். இப்படித்தான் உடையும். எவன் செஞ்ச வேலையோ."

பால்மரின் சிரிப்பு நின்றது. எழுந்து நாற்காலியை மடக்கினான், மறுபடி விரித்தான்.

"நான்தான்."

"என்னது?"

"பதினோரு வயசு எனக்கு. அப்பா வயலுக்குப் போயிருந்தாரு. கரடி சுடுற விளையாட்டு. அம்பது தடவ இழுத்திருப்பேன். டிங்குனு என்னமோ தெறிச்சுது. போட்டுட்டு ஓடிட்டேன். சத்தம் கேட்டு நீ வந்து நின்ன. அப்பா உள்ள வந்தாரு."

"நாப்பத்தொன்பது வருஷம்டா."

"தெரியும்."

"அவரு சாகுற வரைக்கும் உனக்கு வாய் வரலையா?"

"ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்லிடணும்னு நெனப்பேன். அதுக்குள்ள சாப்பாடு வந்துடும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். என்னை ஏற்றிக்கொள்ளக்கூட மறந்துவிட்டாள். பால்மர்தான் வீட்டில் கொண்டுவந்து விட்டான்.

இரண்டு மாதம் அவள் அவனோடு பேசவில்லை. அவன் என் கையில் தகரப் பெட்டி நிறைய, ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டு போட்ட கேக் கொடுத்தனுப்புவான். அவள் தின்றுவிட்டு, தகரப் பெட்டியைக் கழுவித் திருப்பித் தருவாள். அதற்கிடையில் புது ஊசி கடைந்தாள். மூன்றாவதுதான் சரியாக உட்கார்ந்தது.

ஜூனில் அவளே அவனுக்குப் போன் செய்தாள். "சனிக்கிழம காலைல குழிக்கு வா."

டயரில் கட்டி இரண்டு முறை சோதித்தாள். இரண்டும் வெடித்தன. பிறகு தோளில் வைத்தாள். புகை எங்கள் மூவரையும் மூடியது. குண்டு, குறியாக வைத்திருந்த தகர டப்பாவுக்கு ஒரு முழம் தள்ளி மண்ணைக் கிளப்பியது. அடுத்தது டப்பாவைத் தூக்கி எறிந்தது. ஆர்டிஸ் கத்திய கத்தலைப் பட்டறையில் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பால்மர் கை நீட்டினான். "ஒண்ணே ஒண்ணு சுட்டுக்கட்டுமா?"

"இன்னும் பத்து இருக்கு. பத்தும் எனக்கு."

பத்தையும் அவளே சுட்டாள். அவன் பக்கத்தில் நின்று, சூடான காலிக் கூடுகளை ஒவ்வொன்றாகத் தொப்பியில் வாங்கிக்கொண்டான்.

இப்போது சுற்றுவட்டாரத்தில் பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அவளிடம் வருகிறார்கள். வாயில்லாமல் கிடந்த ஏழெட்டுத் துப்பாக்கிகளை அவள் பேசவைத்துவிட்டாள். அப்பாவின் துப்பாக்கியைச் சுடப் பால்மரின் முறை அக்டோபரில்தான் வந்தது. அதை வாங்கித் தோளில் வைத்தான்.

"ஆர்டிஸ், உனக்கு இன்னும் கோவமா?"

"இருக்கு. நீ குறியப் பாரு."

அவன் சுட்டான். படவில்லை. அவள் இன்னொரு தோட்டாவை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.