ஜனாஸாக் குழுவிலிருந்து நான் விலகிய கதை

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கூலிக்கு உப்பு வாரத் தொடங்கியவன், இன்று சொந்த உப்பளம், இரண்டு லொறி, தில்லையடியில் மாடி வீடு என்று இருக்கிறேன். எவருடைய தயவும் இல்லை. வங்கி மனேஜரே என்னைக் கண்டால் கதிரையை விட்டு எழும்புவார். அப்படிப்பட்ட என்னை ஒரு கைபேசி மதுரங்குளிச் சந்தியில் வைத்து வெட்கப்படுத்தியது.

எனக்கு எழுத்துக்கூட்டி எழுதுவது சிரமம். கைபேசியிடம் எதையும் வாயால்தான் கேட்பேன். மூல வியாதிக்கு என்ன மருந்து என்று ஒரு நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். என் மனைவிக்குக்கூட அது தெரியாது. மறுநாள் மதுரங்குளித் தேநீர்க் கடையில், கொழும்பு வியாபாரிகள் இருவருக்கு என் உப்புக் குவியலின் வீடியோவைக் காட்டப் போனேன். வீடியோவுக்கு முன்னால் அந்த வியாதிக்கான மருந்து விளம்பரம் வந்தது, படத்தோடு. ஒருவருக்குத் தேநீர் புரைக்கேறியது.

கொழும்பில் கணினி வேலை செய்யும் மகளிடம் சொன்னேன்.

"வாப்பா, நீங்க கேக்கிறது, போற இடம், கதைக்கிற ஆள் எல்லாத்தையும் அவங்க சேத்து வெக்கிறாங்க. அத வெச்சித்தான் விளம்பரம் வருது."

"அப்ப எல்லாத்தையும் கழட்டு."

அந்த வாரக் கடைசியில் வந்து, தேடுவது, மின்னஞ்சல், வரைபடம் எல்லாவற்றையும் மாற்றினாள். ஆளை வேவு பார்க்காதவை என்று வேறு சிலவற்றைப் போட்டுத் தந்தாள். செய்தி அனுப்பும் பழைய செயலியை மட்டும் விட்டுவைக்கச் சொன்னாள். "ஊராக்கள் எல்லாம் இதிலதான் ஈக்கிறாங்க வாப்பா. கொஞ்ச நாளைக்கு ரெண்டும் இருக்கட்டும்." நான் எதையும் பாதியில் செய்தவனில்லை. கணக்கையே அழிக்கச் சொன்னேன். இந்தக் கரையில் அப்படிச் செய்த முதல் ஆள் நான். இன்று வரை வேறு ஒருவரையும் காணவில்லை.

எங்களில் ஒருவர் மவுத்தானால் பெரும்பாலும் அன்றைக்கே அடக்கிவிடுவோம். பள்ளிவாசல் ஒலிபெருக்கி அந்த ஊருக்கு மட்டும்தான் கேட்கும். மற்ற ஊர்களுக்குச் செய்தி போவது அந்தச் செயலியில் உள்ள ஜனாஸா அறிவித்தல் குழுவில்தான். கணக்கோடு அதுவும் போயிற்று. போகட்டும் என்றிருந்தேன். எனக்கு வேண்டியவர்கள் மவுத்தானால் நாலு பேர் எனக்குக் கோல் எடுக்கமாட்டார்களா? என்னை விட்டுவிட்டு ஒரு ஜனாஸாவைத் தூக்குவார்களா?

கல்பிட்டிப் பக்கம் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். ஒரே நாளில் கூலிக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். யார் முந்திப் போனாலும் மற்றவன் கபுறுக் குழியில் இறங்கி மையித்தை வாங்கி வைப்பது என்று வாலிப வயதிலேயே பேசி வைத்திருந்தோம். அவனையும் புதிய செயலிக்குக் கொண்டுவர நேரே அவன் வீட்டுக்குப் போனேன். மதுரங்குளிக் கதை எனக்கு முன்னமே அங்கே போயிருந்தது.

"இதப் போடு மச்சான். எவனும் ஒட்டுக் கேக்க ஏலாது."

"அதில யாரெல்லாம் ஈக்கிற?"

"நானும் மகளும்."

"ரெண்டு பேருக்கு ஒரு பஸ்ஸா?" என்று தொடையில் அடித்துச் சிரித்தான். "உண்ட மூலத்த எவன்டா களவெடுக்கப் போறான்?"

உள்ளே அவன் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்குத் தாங்கவில்லை. "நீ இதுக்கு வாற வரைக்கும் உனக்கும் எனக்கும் கதை இல்ல," என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். பிறகு இரண்டு தரம் கோல் எடுத்தான். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கெஞ்சட்டும் என்று நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனேன். காலைக் கழுவிக்கொண்டிருந்த பக்கத்துத் தெரு ஹாஜியார் கேட்டார்: "நீங்க அதுக்குள்ள வந்திட்டீங்களா? கபுறடியில உங்களக் காணல்லயே?"

"எந்தக் கபுறடி?"

அவர் குழாயைப் பூட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

என் கூட்டாளி விடியற்காலை சுபஹுக்குப் பிறகு மவுத்தாகி, நடுப்பகல் லுஹரோடு அடக்கப்பட்டிருந்தான். நான் போய்ச் சேர்ந்தபோது மையவாடியில் ஒருவரும் இல்லை. மண் அதற்குள் மேலே காயத் தொடங்கியிருந்தது. அவனை உள்ளே வாங்கி வைத்தது மீன் வாடியில் வேலை செய்யும் யாரோ ஒருவராம்.

"குழுவில போட்டமே சாச்சா," என்றான் வீட்டில் இருந்த அவன் மூத்த மகன். "நீங்க அதில இல்லாட்டியும் யாரும் சொல்லியிருப்பாங்க எண்டு நெனச்சம். வாப்பா எடுத்த கோலுக்கே நீங்க பதில் சொல்லல்ல. அதால எடுக்கவும் யோசிச்சம்."

அவனே மேலும் சொன்னான்: "போன கிழம கூட உங்களுக்கு வொய்ஸ் போட்டாரு. நீங்க அதில இல்ல எண்டு சொன்னா கேக்கிறல்ல. 'அவன் கோவம் ஆறித் திரும்பி வருவான், வந்தாக் கேப்பான்' எண்டு திருப்பித் திருப்பிப் போட்டாரு."

"என்ன சொன்னான்?"

"தெரியா சாச்சா. வெளிய கதிரையப் போட்டுத் தனியா இருந்து கதைப்பாரு."

தகப்பனின் கைபேசியைக் கொண்டுவந்து தந்தான். விரலை வைத்தால்தான் திறக்கும். இரகசிய எண் வீட்டில் எவருக்கும் தெரியாது. வாங்கிய கடையில் போட்டுக் கொடுத்த பூட்டு. என்னிடம் களவெடுக்க என்ன இருக்கிறது என்று சிரித்தவனின் கைபேசிக்குள் எங்கள் ஒருவராலும் போக முடியவில்லை. புத்தளத்தில் மூன்று கடைகளுக்குக் கொண்டுபோனோம். அழிக்கலாம், திறக்க முடியாது என்றார்கள். எனக்கென்று அவன் கடைசியாகச் சொன்னது அதற்குள் பத்திரமாக இருக்கிறது.

அந்தக் கிழமையே பழைய செயலியை மறுபடி போட்டேன். தொடர்புகளைத் தரவா என்று கேட்டது, தந்தேன். இருக்கும் இடத்தைக் கேட்டது, அதையும் தந்தேன். எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று அழுத்தினேன். அவன் போட்ட குரல் பதிவுகளில் ஒன்றும் வரவில்லை. அழித்த கணக்குக்கு அனுப்பியவை இனி வராது என்றாள் மகள். மருந்து விளம்பரம் மட்டும் வரத் தொடங்கியது. புதிய செயலியில் இப்போதும் நானும் மகளும்தான்.

குழுவில் திரும்பச் சேர்த்த மறுநாள் ஒரு அறிவித்தல் வந்தது. வண்ணாத்திவில்லுவில் ஒருவர், அஸருக்குப் பிறகு நல்லடக்கம். போனேன். வரிசையில் நின்று மூன்று பிடி மண் போட்டேன். ஆளை எனக்குத் தெரியாது.