ஜரினா வைத்த பொட்டு

அந்தக் கறுப்புப் பொட்டை வைத்தது நான் அல்ல.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. லண்டனில் வாங்கிய முதுகலைப் பட்டம், அந்தப் பட்டத்தால் கிடைத்த வேலை, நாலு பேர் மத்தியில் ஒரு மரியாதை... எல்லாமே அந்தப் பொட்டால் வந்தவை. அது என் யோசனை என்றேன். எல்லோரும் நம்பினார்கள். நீங்கள் அங்கே இருந்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள். அவ்வளவு அழகாகப் பொய் சொன்னேன்!

வைத்தவள் பெயர் ஜரினா. பூந்தமல்லிக்காரி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில், வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவள் சாம்பிள் டெய்லர். வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் படத்தைப் பார்த்து முதல் சட்டையைத் தைப்பவள். அந்தச் சட்டையை அளந்து, சரிபார்த்து, பொட்டலம் கட்டி அனுப்புவது என் வேலை. மாடியில் ஒரே அறை, ஒரே மேசை. மதியம் அவள் டப்பாவில் என் கை இருக்கும், என் டப்பாவில் அவள் கை இருக்கும்.

அவளுக்கு ஒரு பழக்கம். முதல் சட்டை முடிந்ததும், பட்டன் பட்டியின் உள்பக்கம், கீழே இடது ஓரத்தில், கறுப்பு நூலால் கடுகளவு ஒரு பொட்டு வைப்பாள். திருஷ்டிப் பொட்டு! பிள்ளையின் கன்னத்தில் மை வைப்பார்களே, அதேதான்.

“மொத சட்ட மொத கொயந்த மாதிரிடி செல்வி. கண்ணு பட்டுடும். இங்க இருக்கற வரிக்கும் இருக்கட்டும். அனுப்பறப்ப நீ பிரிச்சுடு, இன்னா?”

ஆம், பிரிப்பது என் பொறுப்பு. சட்டையைப் புரட்டுவேன், இடது கையால் கத்திரியை எடுப்பேன், ஒரே வெட்டு. எனக்கு இடது கைப் பழக்கம். அப்பா அடித்துப் பார்த்தும் மாறவில்லை. கம்பெனிக் கத்திரி எதுவும் எனக்குத் தோதுப்படாமல் நான் தடுமாறுவதைப் பார்த்து, இரண்டு கைக்கும் ஒத்துவருகிற சின்ன நூல் கத்திரி ஒன்றை ஜரினாதான் எங்கிருந்தோ தேடிப் பிடித்து வந்து கொடுத்தாள். அந்தக் கத்திரி இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்தக் கத்திரி கையில் இருந்தும் ஒரு நாள் பொட்டைப் பிரிக்க மறந்தேன்.

ஏன் மறந்தேன்? கனவு... வேறென்ன! தபாலில் ஒரு லண்டன் கல்லூரியின் புத்தகம் வந்திருந்தது. வழவழப்பான தாள். பழுப்பு இலைகள் உதிர்ந்து கிடக்கும் முற்றம், கல் கட்டடம், தோளில் பையோடு நடக்கும் மாணவர்கள். ஃபேஷன் பிசினஸில் முதுகலை. துணி எப்படி விற்கிறது, ஏன் விற்கிறது, ஒருவர் எதைப் பார்த்து ஒரு சட்டையை எடுக்கிறார் என்று சொல்லித்தரும் படிப்பு. ஆவடி குவார்ட்டர்ஸில் யாரிடம் சொன்னாலும், “தையல் கிளாஸா?” என்றார்கள். ராணுவத் தொழிற்சாலையில் லேத் ஓட்டும் என் அப்பாகூட, “அதுக்கு ஏம்மா அவ்ளோ தூரம்?” என்றுதான் கேட்டார்.

எனக்கு அந்தத் தூரம்தான் வேண்டியிருந்தது! காலையில் ஆவடியில் ரயில் ஏறுவேன். அண்ணனூர் தாண்டுவதற்குள் மனம் லண்டனில் இறங்கியிருக்கும். பனி மூட்டம், என் மேல் ஒரு நீளக் கோட்டு, வாயிலிருந்து புகை போல மூச்சு... ஒரு நாள் அம்பத்தூர் வந்ததே தெரியாமல் கொரட்டூர் வரை போய், இறங்கித் திரும்பி வந்தேன். ஜரினா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“கனா கண்டுகினே கீறியே! போவ சொல்லோ என்னியும் உன் பொட்டியில வெச்சு இட்டுக்கினு போய்டு.”

அந்தக் கனவோடு கனவாகத்தான் ஒரு வெள்ளைச் சட்டையைப் பொட்டோடு அனுப்பிவிட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. அனுப்பிய சாம்பிள் வெளிநாட்டுக்காரருக்குப் பிடித்துவிட்டால், அதில் சீல் வைத்துத் திருப்பி அனுப்புவார். அந்தச் சீல் சாம்பிள்தான் சட்டம். அதில் இருப்பது எதையும் விடக்கூடாது, இல்லாதது எதையும் சேர்க்கக்கூடாது. பொட்டு வைத்த சட்டை சீலோடு திரும்பி வந்தது. நான் அப்போது ஆங்கிலத் தேர்வுக்காக மூன்று வாரம் விடுப்பில் இருந்தேன். சட்டை நேராகக் கீழ்த்தளத்துக்குப் போனது. சூப்பர்வைசர் புரட்டிப் பார்த்தார். பொட்டு! சாம்பிளில் இருக்கிறதே, என்ன செய்வார் பாவம்? பொட்டு வைப்பதற்கென்றே இரண்டு பெண்களைத் தனியாக உட்கார வைத்துவிட்டார்.

ஆயிரத்து எண்ணூறு சட்டைகள். ஆயிரத்து எண்ணூறு திருஷ்டிப் பொட்டுகள்!

நான் விடுப்பு முடிந்து வந்த அன்று பேக்கிங்கில் மேனேஜர் கண்ணில் அது பட்டது. இஸ்திரி போட்டு மடித்தாகிவிட்டது. பிரித்தால் வெள்ளைத் துணியில் ஓட்டை தெரியும். கப்பலுக்கு நாளும் இல்லை. மனிதர் மாடிப்படியில் கத்திக்கொண்டே ஏறி வந்தார்.

“யாரு வெச்சது இதை? யாரு?”

“நான்தான் சார்” என்று எழுந்து நின்றாள் ஜரினா.

அவள் இன்னொரு வாக்கியம் சொல்வாள் என்று காத்திருந்தேன். ‘பிரிக்க வேண்டியவள் செல்வி’ என்ற வாக்கியம். அவள் சொல்லவில்லை. நானாவது சொல்லியிருக்க வேண்டாமா? எழுந்து நிற்க வேண்டாமா? கையில் இருந்த அளவு நாடாவைச் சுற்றினேன்... பிரித்தேன்... மறுபடி சுற்றினேன். விண்ணப்பத்துக்கு மேனேஜரின் சிபாரிசுக் கடிதம் வேண்டியிருந்தது. அது மட்டும்தான் அப்போது என் புத்தியில் ஓடியது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

அன்று மத்தியானமே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். விரல் தொப்பியையும் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டாள். வாசலில் திரும்பினாள்.

“வரேன்டி. பரீச்ச நல்லா எய்தினியா?”

தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இதோடு நின்றிருந்தால் இது ஒரு கோழையின் கதை. இதை நான் எப்போதோ யாரிடமாவது சொல்லி அழுதிருப்பேன். இதற்கு மேல் இருப்பதைத்தான் சொல்ல முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து அந்த வெளிநாட்டுக்காரரிடமிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. உள்ளே ஒளிந்திருக்கும் அந்தச் சின்னக் கறுப்புப் பொட்டு என்ன? வாங்குபவர்கள் கடையில் கேட்கிறார்களாம். அதற்கு ஏதாவது கதை உண்டா? அடுத்த ஆர்டர் எல்லாவற்றிலும் அது வேண்டும்.

மேனேஜர் சிரித்துக்கொண்டே தாளை என்னிடம் நீட்டினார். “பாத்தியாம்மா கூத்தை! அந்தப் பொண்ணைத் திரும்பக் கூப்பிட வேண்டியதுதான் போல. அவளுக்குத்தானே இது தெரியும்?”

நன்றாகக் கவனியுங்கள். ‘ஆமாம் சார்’ என்று சொன்னால் போதும். மறுநாள் காலையில் ஜரினா அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். எத்தனை சின்ன வார்த்தை அது!

“வேணாம் சார்” என்றேன். “நான் சொல்லித்தான் அவ வெச்சா. யோசனை என்னுது.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“பயந்துட்டேன் சார்.”

அந்த அறையில் நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

பிறகு எல்லாம் தூக்கத்தில் நடப்பது போல நடந்தது. மேனேஜர் என் யோசனையைப் புகழ்ந்து கடிதம் தந்தார். விண்ணப்பக் கட்டுரையில் நான் பொட்டின் கதையை எழுதினேன்: ஒரு நம்பிக்கை எப்படி ஒரு சரக்கின் அடையாளம் ஆகிறது என்று. இடம் கிடைத்தது, உதவித்தொகையும் கிடைத்தது. புத்தகத்தில் பார்த்த அதே முற்றம்... அதே பழுப்பு இலைகள்... என் மேல் ஒரு நீளக் கோட்டு, வாயிலிருந்து புகை போல மூச்சு. கனவு ஒரு நூல்கூடப் பிசகாமல் பலித்தது. நான் மட்டும் அந்தக் கனவில் இருந்த மாதிரி இல்லை.

வகுப்பில் பல நாட்டுப் பிள்ளைகள். அவரவர் ஊரிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். நான் அந்த வெள்ளைச் சட்டைகளில் ஒன்றைப் புரட்டிக் காட்டினேன். “பொட்டு” என்றேன். எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். என் பெயர் அவர்கள் நாவில் நிற்கவில்லை. பொட்டு நின்றது. அன்று முதல் என்னையே ‘போட்டூ’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்! இரண்டு வருடம், படியிலும் நூலகத்திலும் சாப்பாட்டு வரிசையிலும், ஜரினாவின் பொட்டைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் ஆசிரியை கொஞ்சம் வயதானவர். தையல் தெரிந்தவர். சட்டையை வெகுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இது ஏன் இடது ஓரத்தில் இருக்கிறது? வலது கைக்காரர் தைத்தால் அங்கே வைப்பது சிரமம் ஆயிற்றே?”

எனக்கு எப்படித் தெரியும்? நான் வைத்திருந்தால் அல்லவா தெரியும்!

“இடப்பக்கம் இதயம் இருக்கிறது. எங்கள் ஊரில் காவல் என்பது இதயத்துப் பக்கம்தான்” என்றேன். அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஆய்வேட்டில் அந்த இடது ஓரத்தைப் பற்றி மட்டும் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். அந்தப் பகுதிக்குத்தான் அதிகப் பாராட்டு.

பட்டம் வாங்கிய பின்பு ஒரே கனவு திரும்பத் திரும்ப வரும். ஆவடி விளையாட்டுத் திடலில் லண்டன் பனி இறங்கியிருக்கிறது. வானம் முழுக்க வெள்ளைச் சட்டைகள் உட்புறம் வெளியாகக் காய்கின்றன. மெல்ல ஆடுகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு. நான் கத்திரியோடு ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போகிறேன். பிரித்த சட்டையைத் திரும்பிப் பார்த்தால் அதில் பொட்டு இருக்கிறது. பயமே இல்லாத கனவு அது. அழகாகக்கூட இருக்கும். விழித்த பின்புதான் அது யார் வைத்த பொட்டு என்பது நினைவுக்கு வரும்.

ஜரினா வேலையை விட்டுப் போய் ஆறு வருடம் கழித்து, ஒரு விடுமுறையில், ஆவடியில் பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். நம்புங்கள்... உங்களிடம் இனி எதற்குப் பொய் சொல்லப் போகிறேன்?

ஜன்னலோரம் மெஷின் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு பெண் குழந்தை.

“அடி லண்டன்காரி! இப்பத்தான் ஊடு தெர்ஞ்சுதா உனக்கு? குந்துடி, குந்து!”

டீ போட்டுத் தந்தாள். படிப்பு முடிந்ததா, குளிர் தாங்குமா, சோறு கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் வாயெடுப்பதற்குள் அவளே அந்தப் பேச்சை எடுத்தாள்.

“அன்னிக்கு நீ பிரிக்க மறந்துட்டன்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலடி. சொல்லியிருந்தா உன்னியும்ல அனுப்பியிருப்பாங்க? அப்பால நீ எப்டி படிக்கப் போவ?”

என் படிப்புக்காகத்தான் சொல்லாமல் இருந்திருக்கிறாள்! அன்று எழுந்து நின்றபோதே அதை யோசித்துத்தான் நின்றிருக்கிறாள். எதையாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்.

“ஜரினா... அந்தப் பொட்டை ஏன் எப்பவும் இடது ஓரமா வெப்பே?”

“இது இன்னாடி கேள்வி?” என்று சிரித்தாள். “பிரிக்கறவ நீ. உனக்குப் பீச்சாங்கை. கத்திரி போறதுக்கு வாட்டமா இருக்கட்டும்னுதான் அந்தாண்ட வெப்பேன். எனுக்குக் கை சுளுக்கிக்கும், தெரியுமா?”

பன்னிரண்டு பக்கம்! இதயம், காவல், பண்பாடு... என்னென்னவோ எழுதினேனே! அது என் கைக்காக வைத்த பொட்டு. நான் தேடாமல் இருக்க, எனக்கு வலிக்காமல் இருக்க, அவள் தன் கையைச் சுளுக்கிக்கொண்டு வைத்த பொட்டு.

குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். கொழுகொழுவென்று, யார் கண்ணும் படும்படி இருந்தது. கன்னத்தில் ஒன்றுமில்லை.

“மை வெக்கலியா?” என்றேன்.

“அதுக்கப்புறம் நான் எதுக்கும் பொட்டு வெக்கறது இல்லடி. ஆயிரத்தி எண்ணூறு சட்டய பாழாக்குன கையி. இவ பொறந்தப்ப எல்லாரும் சொன்னாங்க. கை வரல.”

பாழாகவில்லை ஜரினா, அந்தப் பொட்டுதான் எல்லோருக்கும் பிடித்திருந்தது, ஊர் தாண்டி ஊர் கேட்டார்கள்... இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தக் கணமே அவள் கை அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் அடுத்து அவள் கேட்பாள். நிச்சயம் கேட்பாள். அதற்கு என்னிடம் இருப்பது ஒரே பதில்.

டீயைக் குடித்து முடித்தேன். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தாள். குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்ட வைத்தாள்.

ஜரினா தமிழ் நன்றாகப் படிப்பாள். ஆனாலும் இதை அவளுக்கு அனுப்பப் போவதில்லை. உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன். துணிந்து சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். உங்களிடம் சொல்வது எளிது. “அப்ப என்னிய ஏன்டி திரும்பக் கூப்டல?” என்று நீங்கள் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை.