கடைசி விண்ணப்பம்

ஆகஸ்ட் 24, ஞாயிறு. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். வெந்நீர் வைத்தேன், சட்டைக்கு இஸ்திரி போட்டேன், ஏழு மணிக்குச் சபையின் சாவியோடு கிளம்பினேன். மின்விசிறிகளைப் போட்டுப் பார்ப்பது, நாற்காலிகளை வரிசைப்படுத்துவது, ஜெப விண்ணப்பச் சீட்டுகளை அடுக்கிக் கிளிப்பில் மாட்டுவது, ஆராதனை நடுவே அவற்றை வாசிப்பது எல்லாம் சபைச் செயலரான என் வேலைகள். நோயாளிகள் முதலில், அடுத்து வேலை தேடுவோர், அடுத்து பயணத்தில் இருப்போர், கடைசியில் வீட்டை விட்டுப் போனவர்கள். அன்று அந்தக் கடைசிப் பிரிவில் வழக்கம்போல ஒரே ஒரு சீட்டு. ‘மகன் எபினேசர் வீடு திரும்ப.’ இரும்பில் வெட்டியதுபோல் அழுத்தமான எழுத்து. தேதி மே 25. கையெழுத்துப் போட்டவரை ஜூன் மாதம் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டோம். ஒரு சீட்டுக்கு மூன்று மாதம்தான் ஆயுள். அது நான் கொண்டுவந்த விதி. அதன்படி அந்தச் சீட்டை வாசிக்க அன்றுதான் கடைசி நாள்.

அவரை எல்லாரும் ஃபிட்டர் அண்ணன் என்போம். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருட்டாலையில் முப்பது வருடத்துக்கு மேல் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி முன்பே இறந்துவிட்டார். ஒரே மகன் எபினேசர். படித்துவிட்டு ஆலை வேலைக்குப் போகமாட்டேன் என்று ஒரு வருடம் வீட்டில் இருந்தான். ஒரு நாள் காலை வாக்குவாதம் முற்றியபோது, “இனிமே இந்த ஊட்ல கால் வெக்காத” என்று அண்ணன் சொல்லிவிட்டார். அவன் பையை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனான். சூளூர்பேட்டை வண்டியில் ஏறியதைப் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு அவன் பெயர் எங்கள் பட்டியலில் ஏறியது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. விண்ணப்பத்தை வாசிக்கும்போது அதைக் கேட்டவர் எழுந்து நிற்பார். சபையார் அவரைப் பார்த்து, “ஆண்டவரே, கேட்டருளும்” என்பார்கள். பெரும்பாலானவர்கள் பாதி எழுந்து பாதி உட்காருவார்கள். ஃபிட்டர் அண்ணன் அப்படி இல்லை. முட்டி தேய்ந்தவர் என்பதால் பயணத்தில் இருப்போரின் பெயர்கள் தொடங்கும்போதே முன் நாற்காலியின் முதுகைப் பிடித்து எழ ஆரம்பிப்பார். தன் முறை வரும்போது நேராக, இரு கைகளையும் விட்டு நிற்பார். பாடகர் குழுவில் உள்ள பையன்கள், “ஃபிட்டர் தாத்தா எழுந்துட்டாருடா, லிஸ்ட் முடியப்போவுது” என்று கிசுகிசுத்துக்கொள்வார்கள். உட்கார்ந்தபடியே இருங்களேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “இன்னாப்பா பேசற? அவன் வாசல்ல வந்து நின்னான்னா நான் குந்திக்கினா இருப்பேன்? எழுந்துதான போவேன்?” என்றார்.

ஒன்பது வருடம் இப்படிப் போனது. அந்த நாட்களில் ஒரு பெயர் பட்டியலிலிருந்து நீங்க இரண்டே காரணங்கள்தான் இருந்தன. விண்ணப்பம் நிறைவேறியிருக்க வேண்டும், அல்லது யாருக்காகக் கேட்டார்களோ அந்த ஆள் இறந்திருக்க வேண்டும். அதனால் பட்டியல் நீண்டுகொண்டே போனது. நான் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் இருக்கிறேன். மூன்று மாதமாக அசையாத சரக்கைக் கண்டுபிடித்துச் சிவப்பு அட்டை கட்டி ஓரம் கட்டுவது என் அன்றாட வேலை. சபையின் பட்டியலையும் அதே கண்ணோடு பார்த்திருக்கிறேன் என்பது இப்போது தெரிகிறது. ஒவ்வொரு விண்ணப்பமும் தேதியிட்ட சீட்டில் வரவேண்டும், மூன்று மாதம் ஆனால் எடுத்துவிடுவோம், தேவைப்பட்டவர்கள் புதிதாக எழுதித் தரலாம் என்று பாஸ்டரிடம் சொன்னேன். அவர் சம்மதித்தார். இரண்டு ஞாயிறு அறிவிப்பிலும் வாசித்தேன். ஃபிட்டர் அண்ணன் இரண்டு நாளும் வந்திருந்தார். சீட்டு எதுவும் தரவில்லை.

மூன்றாம் ஞாயிறு, சீட்டு வராத பழைய பெயர்களை எடுத்ததில் பட்டியல் பாதியாகக் குறைந்திருந்தது. எனக்குத் திருப்தியாகவே இருந்தது. பயணத்தில் இருப்போரைத் தொடங்கியதும் அண்ணன் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். நான் கடைசிப் பெயரை வாசித்தேன். சபையார் “கேட்டருளும்” என்றார்கள். அவர் கைகளை விட்டு நேராக நின்றார். என்னிடம் வாசிக்க எதுவும் இல்லை. பாஸ்டர் கண்களை மூடி முடிவு ஜெபத்தைத் தொடங்கினார். எல்லார் தலையும் குனிந்திருந்தது. கண் திறந்திருந்தவர்கள் அண்ணனும் நானும் மட்டும். அவர் என்னைப் பார்த்தார். நான் கிளிப்பைப் பார்த்தேன். பாஸ்டரின் கையைத் தொட்டு, இன்னும் ஒரு பெயர் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். விதியை முதல் நாளே மீறினால் அப்புறம் எப்படி நிற்கும் என்று யோசித்தேன். அந்த ஜெபம் முடியும்வரை அவர் நின்றார். ஆமென் சொன்ன பிறகும் நின்றார்.

ஆராதனை முடிந்ததும் சபைக்குப் பின்னால் குழாயடிக்கு வந்து என் கையைப் பிடித்தார்.

“தம்பி, சேதி எதுனா வந்துச்சா?”

“இன்னா சேதிண்ணே?”

“எபியப் பத்தி. பேர எடுத்துட்டீங்களே. வந்துட்டான்னா மொதல்ல எனக்குத்தான தெரியும்? அப்போ இன்னொண்ணுதான? என்னாண்ட எப்டி சொல்றதுன்னு பாஸ்டரும் நீயும் பேஜாராயிக்கினு கீறீங்களா?”

“ஐயோ, அதெல்லாம் இல்லண்ணே. மூணு மாசம் ஆச்சுன்னா புதுசா எழுதிக் குடுக்கணும். ரெண்டு வாரமா சொன்னேனே.”

“கேட்டேன். காய்ச்சல், பரீட்சை, அதுக்கெல்லாம்னு நெனச்சேன்.”

குழாயடியின் சிமெண்ட் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். பிறகு தரையைப் பார்த்தபடி, “யாராண்டயும் சொல்லாத தம்பி” என்றார். “சேதி வந்துருச்சின்னு நெனச்சனே, அப்போ எனக்கு இன்னா தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. பெத்த அப்பன் நானு. அப்பாடான்னு இருந்துச்சு.”

நான்கு வருடம் அதை யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடம்கூட. அவர் போய்விட்டதால் இப்போது எழுதுகிறேன். இது சரிதானா என்று தெரியவில்லை. அன்று நான் செய்த ஒன்றையும் எழுதிவிட வேண்டும். அவர் அப்படிச் சொன்னதும் நான் அவர் பக்கத்தில் உட்காரவில்லை, தோளைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து புதுச் சீட்டு ஒன்றையும் பேனாவையும் எடுத்து நீட்டினேன். அவர் மறுக்காமல் வாங்கி, முட்டியின் மேல் வைத்து எழுதி, “தேதி இங்கதான?” என்று கேட்டுப் போட்டுக்கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு எபினேசரின் பெயரை வாசித்தேன். அண்ணன் எழவில்லை. வாசித்தது கேட்கவில்லையோ என்று இன்னொரு முறை உரக்க வாசித்தேன். தலையைக் குனிந்து மடியில் இருந்த வேதாகமத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். சபையார் யாரைப் பார்த்து “கேட்டருளும்” என்பது என்று தெரியாமல் சற்றுத் தாமதித்துச் சொன்னார்கள். சில வாரம் கழித்து, முட்டி ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டேன். “முட்டி நல்லாத்தான் கீது” என்றார். அதோடு முடிந்தது. சீட்டு மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தது, ஒரு நாள்கூடத் தப்பாமல். வாங்கும்போதெல்லாம் தேதியைச் சரிபார்த்தேன். வேறெதுவும் பேசத் தோன்றவில்லை. மகனுக்காக எழுந்து நிற்கும் உரிமை தனக்கு இல்லை என்று அவர் தீர்மானித்திருந்தார். அந்தத் தீர்மானத்துக்கு அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது என் விதி. இதை அவரிடம் ஒரு தடவையாவது ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

ஜூனில் ஒரு மதியம் தூக்கத்திலேயே போய்விட்டார். மறுநாள் மாலை நான்கு மணிக்கு அடக்கம். பெட்டியை மூடும் முன் பாஸ்டர் எப்போதும் கேட்பதைக் கேட்டார்: “இன்னும் யாராவது வரணுமா?” எந்த அடக்கத்திலும் அது ஒரு வழக்கக் கேள்விதான். யாரோ இல்லை என்பார்கள், மூடிவிடுவார்கள். அன்று ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வாராவாரம் அந்தப் பெயரை வாசித்தவன் நான்தானே. தூரத்தில் சூளூர்பேட்டை வண்டி போகும் சத்தம் கேட்டது. அது தேயும்வரை பாஸ்டர் காத்திருந்தார். நான் இல்லை என்று தலையசைத்தேன். மூடினார்கள்.

ஆகஸ்ட் 24 அன்று அந்தச் சீட்டை வாசித்தேன். அவர் உட்காரும் நாற்காலியில் புதிதாக வந்த ஒரு குடும்பத்தின் கைப்பை இருந்தது. ஆராதனைக்குப் பின் பாஸ்டர் கிளிப்பைப் பார்த்துவிட்டு, “அண்ணே, ஃபிட்டர் ஐயா சீட்டு இன்னியோட முடியுதுல்ல? எடுத்துடுங்க. கேக்கறவரே இல்லையே” என்றார். குறை சொல்ல முடியாது. அவர் என் விதியைத்தான் எனக்கு ஞாபகப்படுத்தினார். சரி என்றேன். சீட்டைக் கழற்றி நாட்குறிப்புக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துவந்தேன். அன்றைய பக்கத்தில் வந்தவர்களின் எண்ணிக்கை, பிரசங்கத்தின் தலைப்பு, மழை இல்லை என்பது வரை எழுதினேன். எபினேசர் வருவான் என்று நான் நம்பவில்லை. அவன் உயிரோடு இருந்தால் நாற்பதை நெருங்கியிருப்பான். ஆனால் இந்தப் பூமியில் வாரத்துக்கு ஒரு தடவை அவன் பெயரை ஒருவர் சத்தமாகச் சொல்லும் இடம் அந்தக் கிளிப் ஒன்றுதான். அதிலிருந்து அவனை இரண்டாம் முறையாகக் கழற்றியவனும் நானே.

ஆகஸ்ட் 25, திங்கள். காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். வெந்நீர் வைப்பதற்கு முன், புதுச் சீட்டு ஒன்றில் தேதியிட்டு ‘எபினேசர் வீடு திரும்ப’ என்று எழுதினேன். கேட்பவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். பிறகு பாஸ்டருக்குச் செய்தி அனுப்பினேன்: வரும் ஞாயிறு முதல் பட்டியலை வேறு யாராவது வாசிக்கட்டும், நான் கீழே ஃபிட்டர் அண்ணன் இருந்த வரிசையில் உட்காருகிறேன். வாசிக்கிறவன் முதலிலிருந்தே நின்றுகொண்டிருக்கிறான். அவனால் எழுந்து நிற்க முடியாது.