மரியம்மா சொன்ன வெள்ளம்

முப்பத்திரண்டு வருடப் பத்திரிகை வேலையில் ஒரு மந்திரியை அவர் உயிரோடு இருக்கும்போதே 'மறைந்த' என்று எழுதியிருக்கிறேன். ஒரு ரயில் விபத்துக்கு ரயிலை விடத் தாமதமாகப் போயிருக்கிறேன். ஆனால் உலகத்தின் முடிவை அறிவித்தது ஒரே ஒரு தடவைதான். 1975 ஏப்ரல், ஒரு புதன்கிழமை, நான்காம் பக்கம், ஒற்றைப் பத்தி. அந்த முடிவு யார் வீட்டில் தொடங்கியதோ அந்த மரியம்மாவைப் பற்றி ஒழுங்காக எழுத வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. அன்றைக்கு ஒழுங்காக எழுதாததுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

மரியம்மா ஒற்றசேகரமங்கலத்து மலையோரத்தில் பிறந்து, பதினாறு வயதில் கேரள எல்லைக் கிராமமான காரோட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர். கணவர் மணியன் பனையேறி. அருமநாயகம் என்பவருடைய தோட்டத்து மூலையில் அவர்களுக்கு ஓலைக் குடிசை. மணியன் பதநீர் இறக்கினார், மரியம்மா காய்ச்சினார். பிறகு ஒருநாள் மணியன் பனையிலிருந்து விழுந்து இறந்தார். மரியம்மா காய்ச்சுவதை விட்டுவிட்டு மரச்சீனிக் கிழங்கு பயிரிட்ட விளைகளில் கூலிக்குப் போனார். மகன் ஜெயதாஸ் பம்பாய் போய் லாஞ்சு ஏறி ஷார்ஜாவில் கரையேறினான். மகள் விஜயம்மா கூடவே இருந்தாள்.

அப்போதுதான் நிலச் சட்டம் வந்தது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்கிற குடிகிடப்புக்காரர்கள் அந்தக் குடிசையையும் சுற்றிப் பத்து சென்ட்டையும் சொந்தமாக்கிக்கொள்ளலாம். மரியம்மா விண்ணப்பம் போட்டார். மறுவாரமே அருமநாயகம் மரியம்மா தண்ணீர் எடுத்துவந்த தன் கிணற்றிலிருந்து கப்பியையும் கயிற்றையும் கழற்றிக்கொண்டு போனார். வழியில் முள் வெட்டிப் போட்டார். மரியம்மா தன் பத்து சென்ட்டில் தானே ஒரு கிணறு வெட்டத் தொடங்கினார்.

முப்பது அடியில் பாறை. கூலிக்கு வந்தவர்கள் கையை விரித்துவிட்டுப் போனார்கள். மரியம்மா கடப்பாரையோடு உள்ளே இறங்கினார். விஜயம்மா மேலே நின்று கூடையை இழுத்தாள். வெளிச்சத்துக்கு ஜெயதாஸ் அனுப்பியிருந்த டார்ச். அடுத்த திங்கள்கிழமை நெய்யாற்றின்கரையில் நிலத் தீர்ப்பாயத்தின் விசாரணை. அதற்குள் தண்ணீர் வந்துவிட்டால், "இந்தக் கிணறு என்னது, இந்த வீடு என்னது" என்று சொல்லலாம் என்பது அவர் கணக்கு.

இந்த இடத்தில் நான் வருகிறேன்.

நான் கோவில்பட்டிக்காரன். நாகர்கோவிலுக்கு மாற்றலாகி எட்டு நாள் ஆகியிருந்தது. களியக்காவிளை சோதனைச் சாவடியில் அரிசி கடத்தல் பற்றி எழுத வந்து, கடத்துகிறவர்கள் யாரும் எனக்காகக் காத்திருக்காததால், வெறுங்கையோடு எல்லை தாண்டிக் காரோட்டில் எலியாவின் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன்.

"சாரே, வெள்ளம் எடுக்கட்டா?" என்றார் எலியா.

"வெள்ளமெல்லாம் வேண்டாங்க. தண்ணி இருந்தா குடுங்க" என்றேன்.

எலியா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நகைச்சுவை புரியாத ஆள் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "கெணத்துக்குள்ள மாதா வந்த கத கேட்டேரா? நான் மிஷன் சபைக்காரனாக்கும், நமக்கு மாதா கீதா ஒண்ணும் இல்ல. ஆனா மரியம்மா பொய் சொல்ல மாட்டா."

ஐந்து மணிக்குள் செய்தி சொல்ல வேண்டியவன் இதைவிட வேறென்ன கேட்பான்? ஓடினேன். மரியம்மா கிணற்றிலிருந்து ஏறி வந்தார். தலை முதல் கால் வரை செம்மண்.

"உச்சை நேரத்துல உள்ள இருந்து அழுதோண்டு இருந்தேன் மக்கா. அப்பம் மாதா வந்தா. நீலச் சேலையாக்கும். 'மரியே, நிறுத்தாதே, வெள்ளம் வரும்' எண்ணு சொன்னா."

நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன். "எப்ப வருமாம்?"

"ஞாயித்துக்கிழமைக்கு முன்னே."

"எவ்வளவு பெரிசா வரும்?"

"எனக்கும் அக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கும் ஒக்க போரும்."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

மரியம்மா சிரித்தார். "எதுக்குப் பயம்? சந்தோசமாக்கும்!"

'அழிவை எதிர்நோக்கியும் அவர் முகத்தில் அமைதி தவழ்ந்தது' என்று குறித்துக்கொண்டேன். களியக்காவிளைத் தபால் நிலையத்திலிருந்து டிரங்க் காலில் செய்தியைக் கத்தினேன். திருநெல்வேலி மேசையில் இருந்த உதவி ஆசிரியர் தன் பங்குக்கு ஒரு 'பெரு' சேர்த்தார். காலையில் வந்த தலைப்பு: 'காரோட்டில் மாதா காட்சி: ஞாயிறுக்குள் பெருவெள்ளம் என எச்சரிக்கை.'

அந்த ஊரில் 'வெள்ளம்' என்றால் என்ன என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அச்சில் 'பெருவெள்ளம்' என்று வந்துவிட்டது. பேப்பரில் இருக்கும்போது யார் போய் மரியம்மாவிடம் விளக்கம் கேட்கப்போகிறார்கள்? கேட்டவர்களும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "வெள்ளம் வருமா எக்கா?" எழுத்து வாசிக்கத் தெரியாத மரியம்மா எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: "வரும், வரும்! உறப்பா வரும்!"

வெள்ளிக்கிழமை பொழியூர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். வருடா வருடம் கடல் வீட்டுச் சுவரைத் தின்னும் ஊர். அவர்களுக்கு இதை நம்புவது கஷ்டமில்லை. வலை, சட்டி, பானை, ஆட்டுக்குட்டியோடு மரியம்மாவின் பத்து சென்ட்டிலும் அருமநாயகத்தின் தோட்டத்திலும் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள். நான் கூட்டத்தை எண்ணிப் பழகியவன். நானூறு பேர் இருக்கும். ஆயிரம் என்று எழுதினேன்.

கத்தோலிக்கக் கோயில் முற்றத்தில் விவாதம் சூடு பிடித்தது. உபதேசியார் கனகதாஸ் காட்சியை நம்பவில்லை. துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்த சத்தியராஜ் முழுசாக நம்பினார்.

"நோவா கிட்ட ஆண்டவரு வாக்கு குடுத்தாச்சு," என்றார் கனகதாஸ். "இனி வெள்ளத்தால ஒலகத்த அழிக்க மாட்டேன், வானவில்லே சாட்சி எண்ணு. மகன் குடுத்த வாக்கத் தாயி மாத்துவாளா?"

"அது ஒலகத்துக்குக் குடுத்த வாக்கு ஓய். காரோடு பஞ்சாயத்துக்குத் தனியா ஒண்ணும் குடுக்கல்ல."

"பாத்திமாங்குத ஊருல மாதாவப் பாத்தது மூணு பச்சப் பிள்ளைய. கெணத்துக்குள்ள கெடந்து பட்டினியில டார்ச்சு வெளிச்சத்தப் பாத்துட்டு இவ மாதாண்ணு சொல்லுதா."

"டார்ச்சு பேசுமா வே?"

"மாதா பேசினா ரோமாபுரி அங்கீகாரம் வரணும். அதுக்கு வருசக்கணக்கா ஆவும்."

"ஞாயித்துக்கிழமைக்கு முன்னே ரோமாபுரிக்குக் கடுதாசி போய்ச் சேருமா?"

இரண்டு பேர் சொன்னதையும் எழுதிக்கொண்டேன். இரண்டும் எனக்கு நியாயமாகவே பட்டன. அது நிருபர்களுக்கு உள்ள வியாதி.

சத்தியராஜ் அதோடு நிற்கவில்லை. கமிட்டி ஒன்று கூட்டினார். மரியம்மாவின் இடத்தில் சிலுவை நட்ட ஒரு குருசடி, கிணற்றைச் சுற்றிக் குகை மாதிரி ஒரு கெபி, தரையில் துபாய் டைல்ஸ். "எக்கா ஒரு ஓரமா இருந்துகிடட்டு," என்றார். இதைக் கேள்விப்பட்ட அருமநாயகம் தன் வக்கீலைப் பார்க்கப் போனார், கையில் என் பேப்பரோடு. வக்கீலின் வாதம்: அங்கே இருப்பது குடியிருப்பு இல்லை, புனிதத் தலம். புனிதத் தலத்துக்குக் குடிகிடப்புச் சட்டம் பொருந்தாது. சாட்சி: பத்திரிகைச் செய்தி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மரியம்மா என்னைத் தேடி வந்தார். "மக்கா, நீ எழுதினத வச்சு எனக்க பத்து சென்ட்ட எடுக்கப் போறாங்களாம். நான் என்ன குத்தம் செய்தேன்? கெணறு வெட்டுனது ஒரு குத்தமா?"

மேசைக்குப் போன் செய்தேன். "வெள்ளம் வரட்டும், பார்ப்போம்" என்றார்கள்.

சனிக்கிழமை கூட்டம் புனித மண் எடுக்கத் தொடங்கியது. மாதா கால் பட்ட மண். முதலில் கிணற்றோரம் குவிந்திருந்ததை முந்தியில் முடிந்துகொண்டார்கள். பத்து மணிக்குக் குவியல் காலி. பிறகு பொழியூர் வாலிபர்கள் நாலு பேர் கடப்பாரையோடு உள்ளே இறங்கினார்கள்; மாதா நின்ற இடத்து மண்ணே வேண்டுமாம். பாறையைப் பிளந்தால்தான் மண் கிடைக்கும். பிளந்தார்கள். ஒவ்வொரு கூடைக்கும் மேலே அடிதடி. கூலிக்கு வந்தவர்கள் ஒரு வாரத்தில் செய்ய மறுத்ததை அவர்கள் மூன்று மணி நேரத்தில் ஜெபம் சொல்லிக்கொண்டே செய்து முடித்துவிட்டு மேலே ஏறினார்கள்.

உச்சி வேளை. கயிற்றைப் பிடித்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த விஜயம்மா துள்ளிக் குதித்துக் கூவினாள்: "அம்மோ! வெள்ளம் வந்தாச்சு! வெள்ளம் வந்தாச்சு!"

நானூறு பேரும் ஓடினார்கள். பானைகள் உருண்டன. ஆட்டுக்குட்டி ஒரு பக்கம், சொந்தக்காரர் ஒரு பக்கம். கனகதாஸ் நோவாவின் உடன்படிக்கையை மறந்து முதல் வரிசையில் ஓடினார். ஐந்து நிமிடத்தில் தாயையும் மகளையும் விட்டால் தோட்டத்தில் யாருமில்லை, பலாமரத்தின் மேலே ஒருவனைத் தவிர. அந்த ஒருவன் நான். செருப்பு கீழே கிடந்தது. நோட்டுப் புத்தகம் மட்டும் வாயில் இருந்தது.

மரியம்மா ஒரு அலுமினியப் போணியோடு மரத்தடிக்கு வந்தார். அதில் கலங்கலாய் ஏதோ இருந்தது.

"அங்க என்ன செய்யுதே? எறங்கி வா மக்கா. வெள்ளம் குடி."

"என்ன குடிக்கணும்?"

"வெள்ளம். கெணத்து வெள்ளம். வேற என்னத்த?"

மரத்திலேயே உட்கார்ந்து அந்த ஐந்து நாளையும் திருப்பிப் பார்த்தேன். எலியாவின் டீக்கடை ஞாபகம் வந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையும் ஞாபகம் வந்தது. இறங்கினேன். அந்தச் செம்மண் கலங்கலைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

ஞாயிறு பூசைக்குப் பின் பங்குச் சாமியாரான அச்சன் மரியம்மாவை எல்லோர் முன்னாலும் விசாரித்தார். வடக்கேயிருந்து வந்த அவர் மலையாளப் பத்திரிகை மட்டுமே வாசிப்பவர். மாதா சொன்ன வார்த்தையை மரியம்மா அப்படியே சொன்னார். அச்சன் புருவத்தைச் சுருக்கினார். "கிணறு குழிச்சால் வெள்ளம் வரும். அதினு மாதாவு வரணோ?" கோயிலே சிரித்தது. பிறகு கோயில் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. சத்தியராஜ் மட்டும் அசையவில்லை. "சொன்ன நாளுக்கு முன்னே வந்துதா இல்லியா? அப்பம் இது மாதா செய்த புதுமைதான். கெபி கட்டியே தீரணும்."

ஆக, உலகம் தப்பித்தது. பத்து சென்ட் இன்னும் தப்பிக்கவில்லை.

திங்கட்கிழமை நெய்யாற்றின்கரையில் அதிகாரியின் முன் அருமநாயகத்தின் வக்கீல் என் செய்தியை உரக்க வாசித்தார். அவ்வளவு மோசமாக எழுதியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. எழுதியவர் யார் என்று அதிகாரி கேட்டார். எழுந்து நின்றேன். அவர் மேசை மேலிருந்த கிளாஸைத் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன?"

"தண்ணீர், சார்."

"இந்த நாட்டில இதுக்கு என்ன பேரு?"

"வெள்ளம், சார்."

"நீங்க எழுதின பெருவெள்ளத்துக்கு இங்க வெள்ளப்பொக்கம் எண்ணு பேரு. இத எழுதுறதுக்கு முன்ன யாரிட்டயாவது கேட்டிருக்கலாமில்லியா?"

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. வக்கீல் விடவில்லை. வெள்ளமோ தண்ணீரோ, மாதா அங்கே வந்தாரா இல்லையா என்று கேட்டார். வந்தார் என்றால் அது கோயில் இடம். வரவில்லை என்றால் மரியம்மா ஊரை ஏமாற்றிய பொய்க்காரி. அவர் சொல்லும் குடியிருப்புக் கதையும் பொய். பின் வரிசையில் சத்தியராஜ் கமிட்டியோடு உட்கார்ந்திருந்தார். கனகதாஸும் இருந்தார். இத்தனை நாளாக விவாதித்தும் அவர்களுக்குக் கிடைக்காத பதிலுக்காக எல்லோரும் மரியம்மாவைப் பார்த்தார்கள்.

மரியம்மா முந்தியை இழுத்துச் சொருகிக்கொண்டார்.

"சாரே, மாதா வந்தது உள்ளதாக்கும். வந்தா, சொன்னா, போனா. ஆனா அவ அங்க தங்கல்ல. முப்பது வருசமா அங்க தங்குறது நானாக்கும்."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு ஒருமுறை அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து மறுபடி எழுதினார். இரண்டு மாதத்தில் நிலத்துக்கான பட்டயம் கைக்கு வந்தது. அதில் குடியிருப்பவர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

கெபி கட்டவில்லை. கிணற்றின் உள்சுவரில் ஒரு சாண் அளவுக்கு மாடம் வைத்து, நீலச் சேலைச் சொரூபம் ஒன்றை மரியம்மாவே வைத்தார். சத்தியராஜ் மனத்தாங்கலோடு துபாய்க்குத் திரும்பினார். கனகதாஸ் அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் எடுக்கிறார். காட்சியை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அருமநாயகத்தின் கிணறு அந்தக் கோடையில் வற்றியது. அவர் வீட்டு வேலைக்காரியும் குடத்தோடு மரியம்மாவிடம் வந்தாள். கப்பியை மரியம்மா கழற்றவில்லை.

என் பத்திரிகை மூன்று வாரம் கழித்துத் திருத்தம் போட்டது: 'வெள்ளம் என்பதைத் தண்ணீர் என வாசிக்கவும்.' எந்தச் செய்தி, எந்த ஊர் என்று போட மறந்துவிட்டார்கள்.

பிறகு ஒருமுறை மரியம்மாவிடம் நேரடியாகவே கேட்டேன். "உண்மையாகவே மாதாவைப் பார்த்தீர்களா?"

"நீ வெள்ளப்பொக்கத்தப் பாத்தியா மக்கா?"

"இல்லை."

"பாக்காததப் பேப்பருல எழுதுனவன், பாத்தவள வந்து கேக்கியே?" என்று சொல்லிவிட்டு வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார்.