ராஜசிங் அத்தான் கலந்த எக்நாக்

எங்கள் அத்தான் ராஜசிங்குக்குத் தொழிலே கலப்பதுதான். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவை அறை அவர் பொறுப்பு. வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பொடியையும் சலித்து, கையாலேயே மெல்லப் புரட்டிக் கலக்க வேண்டும். இரும்புச் சாமான் எதுவும் உள்ளே போகாது. கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது. சாராய வாடையோடு வருகிறவன் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

அந்தச் சட்டத்தை அத்தான் ஒரு காலத்தில் மதித்ததில்லை. குடி என்றால் அப்படி ஒரு குடி. பிராந்தி, ரம், விஸ்கி எல்லாவற்றோடும் பழக்கம் உண்டு. என் அக்கா ஜெயசீலி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரார் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அழுவாள். ஒரு திங்கட்கிழமை போதை தெளியாமல் அவர் வீட்டில் கிடந்தார். அவருக்குப் பதிலாகக் கலவை அறையைத் திறக்கப் போனது அவருடைய கூட்டாளி சுந்தரபாண்டி. சனிக்கிழமை அத்தான் தீர்க்காமல் விட்டுப்போன கலவை உள்ளேயே ஈரத்தில் சூடேறிக் கிடந்திருக்கிறது. கதவைத் திறந்த சுந்தரபாண்டி திரும்பி வரவில்லை. அன்றைக்கு விட்ட குடியை அத்தான் பிறகு தொடவே இல்லை. ஜெபக்கூட்டமும் இல்லை, மாத்திரையும் இல்லை, சத்தமில்லாமல் விட்டார்.

போன டிசம்பரில் அவர்கள் மகள் ஜெபிஷா இங்கிலாந்திலிருந்து போன் செய்தாள். அவளும் நர்ஸ்தான். கல்யாணத்துக்குப் பிறகு முதல் கிறிஸ்துமஸுக்குப் புருஷன் ஜெப்ரினைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். அங்கே வார்டில் எல்லோரும் எக்நாக் என்று ஒன்று செய்வார்களாம். பாலும் முட்டையும் சர்க்கரையும் அடித்து, ஜாதிக்காய் தூவி, அதில் பிராந்தியோ ரம்மோ ஊற்றி வைப்பது. ஜெப்ரினுக்கு அது ரொம்பப் பிடிக்குமாம்.

“நம்ம வீட்லயாடி?” என்றாள் அக்கா.

“அப்பாவைக் கேளுங்கம்மா. எதை ஊத்துனா நல்லாருக்கும்னு அவுகளுக்குத் தெரியும்.”

மகளுக்கு அப்பா மேல் அவ்வளவு நம்பிக்கை. அக்கா முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் மாப்பிள்ளை விஷயம், மறுக்க முடியுமா? கடைக்குப் போகிற பாவம் என் தலையில் விழுந்தது. எது வேண்டும் என்று தெரியாமல் மூன்று தினுசிலும் ஒவ்வொரு பாட்டில் வாங்கிப் பையில் மறைத்துக்கொண்டு புதுப்பட்டியில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வழியில் பாஸ்டர் எதிரே வராதது கர்த்தருடைய கிருபை.

அத்தான் ஒவ்வொரு மூடியாகத் திறந்து, கையை நீட்டித் தள்ளிப் பிடித்தபடியே மோந்தார். அக்கா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

“பிராந்தின்னா திராட்சையில எடுக்கணும், மாப்ளே. இங்கன நமக்குக் கெடைக்கிறது பெரும்பாலும் கரும்புக் கழிவுப்பாகுல எடுத்த சாராயந்தான், வாசத்துக்குத்தான் திராட்சை. ரம்மும் அதே பாகுதான், ஆனா அது ஒளிச்சு வைக்கல. கருப்பட்டி வாசம் வருதுல்ல? முட்டைக் கவுச்சியை இதுதான் அமுக்கும்.”

“விஸ்கி?”

“புகைஞ்ச வாசம் அடிக்கி. பாலுக்குச் சேராது, நீயே கொண்டு போயிரு.”

ரம் இரண்டு பங்கு, பிராந்தி ஒரு பங்கு என்று முடிவானது. அக்கா மிக்ஸியை எடுத்தாள்; அத்தான் வேண்டாம் என்று மர மத்தை எடுத்துக்கொண்டார். பாலைக் காய்ச்சி ஆற வைத்து, முட்டை மஞ்சளையும் சர்க்கரையும் கடைந்து சேர்த்தார். சாராயத்தை நூல் மாதிரி விட்டார். ஒரேயடியாக ஊற்றினால் பால் திரிந்துவிடுமாம். அதுவரை சர்க்கரை பார்க்க அவரே நக்கிப் பார்த்தவர், சாராயம் விழுந்ததும் கரண்டியை என்னிடம் நீட்டினார். நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு கரண்டி கேட்டேன், அக்கா முறைத்தாள்.

“ரெண்டு நாள் ஊறுனாத்தான் ருசியாம். சாராயம் இருக்கதால கெடாதுன்னு ஜெபிஷா சொன்னா,” என்று சொல்லிக்கொண்டே பாத்திரத்தை அக்கா பிரிட்ஜுக்குள் வைத்தாள்.

“கலந்ததை அப்படியே வைக்கவா?” என்று கேட்டார் அத்தான்.

“அவ அப்படித்தான் சொன்னா.”

அக்கா நைட் டியூட்டிக்குப் போனாள். மீதிப் பாட்டில்களை நான் கொண்டுபோய்விட்டேன்.

காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தேன். பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அடுக்களை முழுக்க ரம் வாடை. கம்பெனி வேன் அத்தானை ஏற்றிக்கொண்டு எப்போதோ போயிருந்தது.

“அம்புட்டையும் குடிச்சிட்டு கலவை ரூமுக்குப் போயிருக்காக,” என்றாள் அக்கா. அவரைக் கூப்பிட வழியில்லை, உள்ளே போன் கொண்டு போகக் கூடாது. போர்மேன் ராம்குமார் நம்பரைத் தேடினாள்.

“அவசரப்படாதக்கா. வேலை போயிரும்.”

“வேலைதானலே போகும்,” என்று சொல்லிவிட்டு ராம்குமாருக்குப் போன் போட்டாள். “எங்க வீட்டுக்காரரைக் கலவை ரூமுக்குள்ள விடாதீக. குடிச்சிருக்காக.”

போனை வைத்த பிறகுதான் அழுதாள். எனக்கு அத்தான் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இத்தனை வருஷம் கழித்து, மகள் வருகிற நேரத்தில், இந்த மனுஷனுக்குப் புத்தி இப்படிப் போக வேண்டுமா?

வெயில் ஏறும்போது அத்தான் வந்தார். நடை நேராகத்தான் இருந்தது. வேலைக்கு வந்த பெண்கள் எல்லோரும் பார்க்க, கேட்டில் நிறுத்தி வாயை ஊதச் சொல்லியிருக்கிறார்கள். வாடை இல்லை. ஆனாலும் புகார் வந்தால் அன்று உள்ளே விடக் கூடாது என்பது சட்டமாம், அனுப்பிவிட்டார்கள்.

யாரிடமும் ஒன்றும் கேட்காமல் அவர் எங்களைக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் புதிதாகத் தோண்டி மூடிய மண். சர்க்கரைக்கு எறும்பு மொய்த்துக் கிடந்தது.

“பாலும் முட்டையுந்தான்னு எனக்குத் தெரியுது. ஆனா கலந்த ஒண்ணை மிச்சம் வச்சுட்டுப் படுக்க முடியல. கண்ணை மூடுனா சுந்தரபாண்டிதான் வாரான். குழி தோண்டி ஊத்துன பெறகுதான் தூக்கம் வந்துச்சு. ஜெபிஷா வந்ததும் புதுசா கலந்துக்கிடலாம்னு நெனச்சேன்.”

அக்கா அந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். “எனக்குத் தோணவே இல்லையே. தப்புப் பண்ணிட்டேன்,” என்றாள். “அம்புட்டுப் பேருக்கு முன்னால உங்களை நிக்க வச்சுட்டேன்.”

“தப்பு இல்ல. நான் குடிச்சிருந்து, நீ போன் பண்ணாம இருந்திருந்தா, எத்தனை உசுரு போயிருக்கும்?” அத்தான் செருப்புக் காலால் மண்ணை இன்னும் கொஞ்சம் அமுக்கினார். “நீ செஞ்சது சரிதான், சீலி. அதத்தான் என்னால தாங்க முடியல.”